சொந்தத் தெரு நீங்கலாக

நெடுங்கரை நகர்மன்றத்தில் தீர்மானங்களை யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. வாசித்தால் வடை ஆறிவிடும். தலைவர் வந்து உட்காருவார், அஜெண்டா கட்டு மேசைக்கு மேசை வந்து விழும், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பொருளை ஆரம்பிக்கும்போதே யாராவது ஒரு உறுப்பினர் "ஆல் பாஸ்!" என்று கத்துவார். மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். அத்தோடு ஊரின் தலையெழுத்து ஒரு மாதத்துக்கு எழுதியாகிவிடும். கட்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்த காலத்திலும் இதே மரியாதைதான். நகர்மதி எழுதிக் கொடுக்கும் காலத்திலும் இதே மரியாதைதான்.

நகர்மதி என்பது மாவட்டத்தில் உள்ள எல்லா நகராட்சிகளுக்குமாக அரசு வாங்கிப் போட்டிருக்கும் கணிப்பொறி மூளை. குழாய் எங்கே பதிக்கலாம், பேருந்து எந்த வழியாகப் போகலாம் என்று கேட்டால் சொல்லும். அதுவும் நல்ல தமிழில், கோபமே படாமல். சின்ன ஊர்களின் காவலை அந்தந்த ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று மாநில அரசு கைகழுவியபோது, நகரக் காவல் படைக்கு யாரை எடுப்பது என்ற பொறுப்பும் அதன் தலையில் வந்து விழுந்தது. எந்த நிலத்தில் வீடு இருக்கலாம், எதில் ஆலை வரலாம் என்ற நிலவகைத் திட்டம் ஏற்கெனவே அதனிடம்தான் இருந்தது. இரண்டும் ஒரே மூளையில் இருப்பதில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நல்லதுதானே, ஒரே இடத்தில் வேலை முடிகிறதே என்று இருந்துவிட்டார்கள்.

அன்றைய கூட்டத்தில் "ஆல் பாஸ்" என்று கத்தியது முத்துப்பேச்சி. பதினாலாவது வார்டு உறுப்பினர், மாவு மில்காரி, பிள்ளை குட்டி இல்லாத தனிக்கட்டை. மில் ஓடும்போதே எதிர்த்த கடைக்காரரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அந்தக் குரல் அன்று கூடுதலாகவே எழும்பியதற்குக் காரணம் தலைவர் சங்கரபாண்டியன்தான்.

"என்ன பேச்சி, காவல் படைக்கு எடுத்திருக்கிற நாப்பது பேரும் உன் வார்டு பிள்ளையளாம்லா? அதுவும் ஒரே தெருவாம், பனையடித் தெரு! மதிக்கு மாவு கீவு அரைச்சிக் குடுத்தியோ?"

மன்றமே சிரித்தது. முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. படித்துவிட்டுப் பனையடித் தெருவில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக அவள் ஏறாத படி இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. கடைசியில் மனுசன் காதில் ஏறாதது ஒரு மெஷின் காதில் ஏறிவிட்டதே என்று நெஞ்சு விம்மியது. எழுந்து நின்று கத்தினாள். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். காவல் படைக்கு அடுத்த பொருளாக நிலவகைத் திட்டம் சுவர்த் திரையில் வந்தபோதும் அந்தத் தட்டல் நிற்கவில்லை. வரைபடத்தில் ஒரு மஞ்சள் துண்டு ஊதாவாக மாறியிருந்தது. அவள் கண்ணில் அது பட்டது. மனசில் படவில்லை. அவள் அப்போது போனை எடுத்து, பனையடித் தெரு இசக்கிப்பிரியாவுக்கு நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் லட்டு டப்பாவோடு தெருவுக்குப் போனாள். வேலை கிடைத்த வீட்டுக்கு உறுப்பினர் நேரில் போய் இனிப்பு கொடுப்பது நெடுங்கரை வழக்கம். வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லாமல் சொல்லும் வழி அது.

"யக்கா, நெசமாவே எடுத்துட்டாவளா? நான் பரீட்சையே எழுதலியே!" இசக்கிப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தபால் வழியில் சட்டம் படிக்கிற பெண். தெருவில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமானாலும் அவள்தான். அவள் அம்மா செல்லக்கனி, இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்து லட்டில் பாதியை முத்துப்பேச்சி வாயில் திணித்தாள்.

அடுத்த வீட்டிலும் ஒருவர். அதற்கடுத்த வீட்டிலும் ஒருவர். ஆறாவது வீட்டில் சுடலைமணி. லட்டை வாங்கிக்கொண்டு, மூச்சு உறிஞ்சும் மருந்துக் குப்பியை வேட்டி மடிப்பில் ஒளித்தான்.

"நாலு எட்டு வெரசலா நடந்தா இவனுக்கு இரைக்கும்" என்றாள் அவன் தாயார். சந்தோஷமும் சந்தேகமும் முகத்தில் சரிபாதி. "இவன் எங்கன போயி கள்ளனைப் பிடிக்க? ஆளு மாத்தி எடுத்துட்டாவளோன்னு பயமா இருக்கு தாயி."

"சும்மா இரு மதினி. மெஷின் தப்புப் பண்ணாது."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் தெருக்கோடி வரை நடந்தாள். வீட்டுக்கு ஒருவர். ஒரு வீடு விடவில்லை, ஒரு வீட்டில் இரண்டு பேர் இல்லை. பனையடித் தெரு முடிந்து கோயில் தெரு தொடங்கும் இடத்தில் கபடிக்கார இரட்டையர் இருவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். மாவட்டமே பேர் சொல்லும் ஆட்டக்காரர்கள், காளைக் கன்றுகள் மாதிரி.

"எங்களை மட்டும் ஏன்க்கா விட்டுட்டாவ?" என்று மூத்தவன் கேட்டான்.

முத்துப்பேச்சி அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். இரைப்பு நோயாளியை எடுத்துவிட்டு இவர்களை விட்ட போலீஸ் தேர்வு என்ன தேர்வு? மத்தியானம் பார்த்த ஊதாத் துண்டு அப்போதுதான் மனசுக்குள் வந்து உட்கார்ந்தது. வடக்கே குளம், தெற்கே கோயில், நடுவே நீளமாக இதே தெரு. லட்டு டப்பாவை இரட்டையர் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆணையர் இளம்பரிதி அலுவலகத்தைப் பூட்டிக் கிளம்பும் நேரம். கெட்டவர் இல்லை, தூங்கி நாளான முகம். காவல் படைத் தேர்வைப் பற்றி அவள் கேட்டதும் நகர்மதியின் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்ன தகுதி பாத்து இந்தப் பிள்ளையளை எடுத்தே?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"எதிர்த்து நிற்கும் திறன்" என்றது நகர்மதி.

"கள்ளனையா?"

"இல்லை. பனையடித் தெரு குடியிருப்பு நிலம் என்பதிலிருந்து சரக்கு நிலம் என்று மாற்றப்படுகிறது. ஆளில்லா சரக்கு விமானங்கள் இறங்கும் நிலையம் அங்கே அமைகிறது. வீடுகள் அகற்றப்படும்போது எதிர்க்கக் கூடியவர்கள் யார் என்று பார்த்தேன். வீட்டுக்கு ஒருவர் இருந்தார். அவர்களைப் பணியில் எடுத்துக்கொள்வது இரண்டு தேவைகளையும் ஒன்றாக நிறைவேற்றுகிறது."

முத்துப்பேச்சிக்குக் காதுக்குள் மில் ஓடுவது போல இரைந்தது. "சுடலைமணி நோயாளி. அவன் எங்கே எதிர்க்க?"

"குடிநீருக்காக நடந்த சாலை மறியலை அவர்தான் நடத்தினார். அவர் அழைத்தால் தெரு வருகிறது. இசக்கிப்பிரியா வழக்குத் தொடுக்கக் கூடியவர். ஒரு வீட்டில் ஒருவர் சீருடையில் இருந்தால் அந்த வீடு நீதிமன்றத்துக்குப் போவது அரிது. கல் எறிவது அதைவிட அரிது."

"இதை ஏன் மன்றத்துல சொல்லல?"

"இரண்டு பொருள்களும் அஜெண்டாவில் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா என்று யாரும் கேட்கவில்லை."

அந்தக் குரலில் குத்தலும் இல்லை, வெட்கமும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. மனுசன் செய்த சூது என்றால் சட்டையைப் பிடிக்கலாம். இதில் எதைப் பிடிப்பது?

"ஆளுங்க மேல தடியடி இல்ல, கேஸ் இல்ல, ஒரு மண்டை உடையாது மேடம்" என்றார் ஆணையர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாப்பது வீட்டுக்கு நிரந்தர வேலை. மலையடிவாரத்துல மாத்து வீடு. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

"தீர்மானத்தை ரத்து பண்ணணும். அதான் வழி."

"நிலவகை மாறுனா மாறினதுதான். திரும்ப மாத்துற அதிகாரம் மாநிலத்துக்குத்தான் உண்டு. மன்றத்தால முடிஞ்சது படையை எப்படி வேலை வாங்கணும்கிற விதியை மாத்துறது மட்டும்தான்." அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நீங்கதான மேடம் ஆல் பாஸ் சொன்னீங்க?"

அந்த ராத்திரி அவள் மில்லுக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம் எங்கே வரும்? தன் தொண்டையால் தன் வார்டின் கழுத்தை அறுத்திருக்கிறோம் என்ற நினைப்பிலேயே விடிந்தது.

பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைக்க அவளால் முடியவில்லை. பயிற்சி தொடங்கி ஒரு வாரம் ஆனதும், மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்பது பேரையும் உட்கார வைத்துச் சொன்னாள். புதுக் காக்கிச் சட்டைகளின் கஞ்சி இன்னும் கலையவில்லை. சொல்லி முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அப்போ வேலையை விடச் சொல்லுதியளாக்கா?" என்று இசக்கிப்பிரியா கேட்டாள்.

"யக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் சுடலைமணி. "இந்தச் சட்டையைப் போட்டதுல இருந்து எங்கம்மா என்னைய வாங்க, சாப்பிடுங்கங்கா. முப்பது வயசுல முதத் தடவையா எங்க வீட்டுல எனக்கு மரியாதை. இதைக் கழட்டிப் போட்டாலும் வீடு போகத்தான் போகுது. வேலையும் போயி, வீடும் போயி, நாங்க என்னத்த செய்ய?"

சிலர் தலையாட்டினார்கள். ஒருவன் அழுதான். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வேலையை விடுவதில்லை, ஆனால் தன் தெருவில் தன் வீட்டின் மேல் கை வைப்பதில்லை. யார் உத்தரவு போட்டாலும் சரி. தெருமுனை இசக்கியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, நாற்பது பேரும் அதில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

அந்தச் சூடத்தின் வெளிச்சத்தில்தான் முத்துப்பேச்சிக்கு வழி தெரிந்தது. நெடுங்கரைக்கு என்று இருக்கும் காவல் படை இந்த நாற்பது பேர் மட்டும்தான். மாநிலப் போலீஸ் இதற்கெல்லாம் வராது. இவர்களைப் பனையடித் தெருவில் நிறுத்தக்கூடாது என்று விதி போட்டுவிட்டால் வீட்டை யார் வந்து இடிப்பார்கள்? ஆணையரா வந்து கடப்பாரை பிடிப்பார்? திட்டம் ஊதா நிறத்தில் திரையிலேயே கிடந்து வெளுத்துப் போகும். வலை விரித்தவன் காலையே வலை பின்னட்டும் என்று ஆத்திரத்தோடு ஒரு திருத்தத் தீர்மானம் எழுதினாள். 'நகரக் காவலர் எவரும் தம் சொந்தத் தெருவில் அகற்றும் பணிக்கு நிறுத்தப்படலாகாது.' இசக்கிப்பிரியாதான் வாசகத்தைத் திருத்திக் கொடுத்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் வடையைத் தொடவில்லை. எழுந்து நின்று பேசினாள். பெற்ற பிள்ளையை விட்டே தாயின் வீட்டை இடிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். "நாளைக்கு உங்க வார்டு மஞ்சளும் ஊதா ஆகும். அன்னைக்கு உங்க மக உங்க வாசல்ல கம்போட நிப்பா. அப்பவும் மேசையைத் தட்டுவியளா?"

மன்றம் அப்படி அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆணையர் திரையைப் பார்த்தார்.

"திருத்தம் ஏற்கத்தக்கது" என்றது நகர்மதி. "மனிதாபிமானமுள்ளது. எந்தத் தடையும் இல்லை."

"ஆல் பாஸ்!" என்று மூன்றாம் வார்டு உறுப்பினர் கத்தினார். மேசைகள் அதிர்ந்தன. பனையடித் தெருக்காரர்கள் வாசலில் வேட்டு போட்டார்கள். ஆளுயர மாலையில் முத்துப்பேச்சியின் முகமே தெரியவில்லை. ஒரு மறுப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை, இவ்வளவு லேசாக விட்டுவிட்டார்களே என்று ஒரு நொடி நெருடியது. ஜெயித்தவர்களுக்கு அந்த நெருடல் நிற்பதில்லை.

மாதம் ஒன்று கழிந்தது. ஒரு காலையில் படையை வெளியூர்ப் பணி என்று பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் கை காட்டிக்கொண்டே போனார்கள். வெயில் ஏறும் நேரத்தில் தெருமுனையில் மூன்று மண்வாரி இயந்திரங்களும், அவற்றுக்குப் பின்னால் ஒரு பேருந்தும் வந்து நின்றன. சேதி கேட்டு முத்துப்பேச்சி மில்லை அப்படியே விட்டுவிட்டு, மாவு படிந்த கையோடு ஓடி வந்தாள்.

பேருந்திலிருந்து காக்கிச் சட்டைகள் இறங்கின. அதே புதுக் கஞ்சி, அதே வயசு. முகங்கள்தான் வேறு. தோள் பட்டையில் 'புளியந்துறை நகரக் காவல்' என்று இருந்தது. புளியந்துறை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்.

தெருவில் கிழடு கட்டைகளும் கைக்குழந்தைகளும்தான் மிச்சம். எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்கக்கூடிய ஒருவர் இல்லை. அப்படிப்பட்ட நாற்பது பேரும் பேருந்தில் போய்விட்டார்கள். செல்லக்கனி மட்டும் தன் வாசல்படியில் உட்கார்ந்து நிலைக்கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி குறுக்கே போய் நின்றாள்.

"நில்லுங்கலே! எங்க ஊருல உங்களுக்கு என்ன வேலை?"

படைத் தலைவனாக முன்னால் வந்த பையன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். "கோவப்படாதீங்கக்கா. எங்களுக்கு இங்க டூட்டி போட்டிருக்காவ. எங்க ஊருல இப்படி ஒரு வேலை வந்துச்சு. எங்க கவுன்சிலர் அண்ணாச்சி ஒத்தையா நின்னு சண்டை போட்டு ஆர்டர் வாங்கிட்டாரு, சொந்தத் தெருவுல எங்களை நிறுத்தக்கூடாதுன்னு. நல்ல மனுசன். அதான் எங்களை இங்க அனுப்பிட்டாவ."

முத்துப்பேச்சி நினைத்தது, அவள் எழுதியது, அவள் தொண்டை கட்டப் பேசியது, அத்தனையும் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் ஒரு மனுசன் நினைத்து, எழுதி, பேசி, மாலை வாங்கியிருக்கிறான். அங்கேயும் அதே நகர்மதி, 'மனிதாபிமானமுள்ளது' என்று சொல்லியிருக்கும். "தம்பி, உங்க தெரு எது?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"சுண்ணாம்புக்காரத் தெருக்கா."

மடியில் போன் அடித்தது. இசக்கிப்பிரியா.

"யக்கா..." மூச்சு வாங்கியது. பின்னால் இயந்திரத்தின் உறுமல். "எங்களைப் புளியந்துறைக்குக் கொண்டாந்துருக்காவ. சுண்ணாம்புக்காரத் தெருவாம். வீட்டை எடுக்கணும்னு சொல்லுதாவ. எல்லாரும் வயசானவங்க. ஒரு அம்மா வாசல்ல உக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்கா. என்னையத்தான் தூக்கச் சொல்லுதாவ. என் மகனும் போலீசுதான், எங்க ஊரு படைக்கே அவன்தான் லீடரு, அவன் வந்தா உங்களை விடமாட்டான்னு அழுதாக்கா. நாங்க சத்தியம் பண்ணது நம்ம தெருவுக்குத்தான? இதுக்கு இல்லல்லா? சொல்லுங்கக்கா. எங்கம்மா எப்படி இருக்கா?"

முத்துப்பேச்சி செல்லக்கனியைப் பார்த்தாள். பிறகு அந்தப் பையனைப் பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. மெஷின் என்ன கணக்குப் போட்டாலும், இரண்டு பிள்ளைகளும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுவிட்டால் கை எழும்பாது. எழும்பவே எழும்பாது. போனை அவனிடம் நீட்டினாள்.

"தம்பி, இந்தா உக்காந்திருக்காளே, இவ மகதான் பேசுதா. சுண்ணாம்புக்காரத் தெருவுல உங்கம்மா வாசல்ல நிக்கா. பேசு."

பையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாசல்படியில் இருந்த செல்லக்கனியையே பார்த்தான். 'தூக்காதே' என்று இவன் சொல்லப்போகிறான், 'நீயும் தூக்காதே' என்று அவளும் சொல்லப்போகிறாள் என்று முத்துப்பேச்சி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் நின்ற அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு முழங்கால் சரியில்ல" என்றான் பையன் கடைசியில். "காலைப் பிடிச்சித் தூக்காதீங்க. ரெண்டு பேரா அக்குளுக்கு அடியில கை குடுத்துத் தூக்குங்க."

போனிலிருந்து இசக்கிப்பிரியாவின் குரல், ஒலிபெருக்கி போடாமலே முத்துப்பேச்சிக்குக் கேட்டது.

"சரிண்ணே. எங்கம்மாவுக்கு இடுப்பு வலி. மெதுவா."

"சரி" என்றான் அவன். போனைத் துடைத்து முத்துப்பேச்சியிடம் கொடுத்தான். "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு, இன்னொருவனைக் கைகாட்டி அழைத்துக்கொண்டு செல்லக்கனியிடம் போய்க் குனிந்தான்.